கேமராவுக்குள் புகுந்த மேகம்

கேமராவுக்குள் மேகம் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் என்று மனதார நம்பியவன் நான். காலையில் பிடித்த அந்த நம்பிக்கை சாயங்காலம் வரைக்கும் என்னை விடவில்லை. சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பின்னால் சாமைப் பானை வேறு வருகிறது.

போன வாரம் புதுச் செருப்பு வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் ஓரத்தில் ஒரு குட்டிப் பொட்டலம், உள்ளே ஜவ்வரிசி மாதிரி மணிகள். ஈரத்தை உறிஞ்ச வைப்பார்களே, அது. என் மனைவி அதைக் குப்பையில் போடப் போனாள். "அய்யோ, போடாத!" என்று பாய்ந்து பிடுங்கினேன். வீட்டில் கேமரா இருந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தால் எனக்கு என் சிநேகிதன் சலீமின் கேமராத் தோல் பைதான் ஞாபகம் வரும். அதன் நாலு மூலையிலும் இப்படிப் பொட்டலங்கள் கிடக்கும். திறந்தால் பழந்தோலும் பிலிம் டப்பாவும் கொஞ்சம் அத்தரும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அதற்கு இன்றுவரைக்கும் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிப்படிக்கு அடியில் சலீம் ஸ்டூடியோ வைத்திருந்தான். நான் அங்கே எடுபிடி, போட்டோகிராபர், அவன் தொழுகைக்குப் போன நேரத்தில் முதலாளி. சுவர் முழுக்க ஒரு சீனரித் துணி தொங்கும். பனிமலை, அருவி, அதற்கடியில் இரண்டு அன்னம். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வரும் டிராக்டர்காரர், புதுப்பெண்டாட்டியோடு அந்தப் பனிமலை முன்னால் வேர்க்க விறுவிறுக்க நிற்பார். எனக்கு அந்த அன்னங்களைக் கண்டாலே எரிச்சல்.

"நம்ம கல்வராயன் மலையிலயே அருவி கீது. இது இன்னாத்துக்குடா?" என்றேன்.

"நீ போய் அத்த படம் எட்த்துக்கினு வா. இத்த கீச்சிப் போட்டுட்டு அத்த மாட்றேன்" என்றான் சலீம்.

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

பங்குனியில் போனேன். கரியாலூரைத் தாண்டி, ரோட்டிலிருந்து பள்ளத்தாக்குக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். இறங்கினால் அருவியைக் காணோம். கரும்பாறை மட்டும் குளித்துத் துவட்டிய முதுகு மாதிரி நிற்கிறது, நடுவில் ஒரு ஈரக்கோடு. வந்த பாவத்துக்கு அதையும் எடுத்தேன். சலீம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "செவுத்தோரம் எவனோ ஒதுங்கின மாதிரி கீதே" என்றான்.

ஆவணியில் நல்ல மழை. ஓடினேன். அருவி ரொம்ப அகலமாக, ரொம்பக் கோபமாக, டீக்கடை பாய்லரைக் கவிழ்த்த நிறத்தில் விழுந்தது. "பொண்ணு மாப்ளைய டீயில குளிப்பாட்டவா?" என்றான். ஐப்பசியில் போனபோது மூடுபனி. அருவி எதிரிலேயே இருந்தது, சத்தம் காதை அடைத்தது, கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சத்தத்தைக் கழுவிப் பிரிண்டு போட அன்றைக்கும் வழியில்லை, இன்றைக்கும் இல்லை.

இத்தனை அவமானத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. இப்போது கேட்டாலும் அடித்துச் சொல்வேன். பெருமழைக்கு ஓடக் கூடாது. மழை விட்டு, செம்மண் அடங்கி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். அப்புறம் வெயிலும் இல்லாத, பனியும் இல்லாத ஒரு மந்தாரக் காலை அமைய வேண்டும். வெயில் அடித்தால் அருவி வெறும் சுண்ணாம்புக் கோடாகிவிடும்.

அப்படி ஒரு காலை கார்த்திகையில் வந்தது. வந்தது சரி, வந்த நாள்தான் சரியில்லை. மறுநாள் சலீமின் தங்கை பர்வீனுக்கு நிக்காஹ். ஸ்டூடியோவில் இருந்ததே ஒரு கேமரா. அதுதான் கல்யாணத்துக்கும்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்டா" என்று கெஞ்சினேன். பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தான். "அதுக்கு எதனா ஆச்சு, நாளைக்கு நீதான் உக்காந்து கல்யாணத்த கையால வரையணும்."

டி.வி.எஸ். வண்டி கச்சிராயபாளையம் தாண்டி வளைவு வளைவாக ஏறியது. பள்ளத்தாக்கில் இறங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அருவி எனக்காகவே தலை வாரிக்கொண்டு நின்றது. தண்ணீர் வெள்ளை, பாறை கறுப்பு, இரண்டு பக்கமும் காடு பச்சை. அவசர அவசரமாகப் பாறைக்குப் பாறை தாவி, மூச்சு வாங்க வாங்க ஒரு நல்ல இடம் பிடித்தேன். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, தூரம், வெளிச்சம் எல்லாம் வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை கண்ணை வைத்தேன்.

வெள்ளை. அருவியைக் காணோம்.

நிமிர்ந்தால் அருவி பளிச்சென்று நிற்கிறது. குனிந்தால் வெள்ளை. லென்ஸை முன்பக்கம் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் கண்ணை வைத்தால் முன்னைவிட அடர்த்தியான வெள்ளை. வெளியே இல்லையென்றால் உள்ளே. பள்ளத்தாக்கில் அலைந்த மேகத்தில் ஒரு துண்டு கேமராவுக்குள் போய்விட்டது. இனி பூஞ்சை பிடிக்கும், லென்ஸ் சாகும், பர்வீன் கல்யாணத்தில் படம் கிடையாது, சலீம் என்னைப் பந்தல் கம்பில் கட்டுவான். நாய் மாதிரி இரைத்தேன். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பட்டனை ஒரு தடவை அமுக்கினேன். 'கிளிக்' என்றது. சாகிறவன் கடைசியாகப் பேசுவது போலவே கேட்டது.

மேலே பாதை முடிகிற இடத்தில் ராமாயி அக்காவின் டீக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு பானை சாமை குடுங்க, அவசரம்!"

"பசியா தம்பி? ஒக்காரு, கஞ்சி கீது."

"எனக்கு இல்லக்கா. கேமராவுக்கு."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "உள்ள யாராவது வாங்க, இந்தத் தம்பிக்கு இன்னாவோ ஆயிப்போச்சு" என்று வீட்டைப் பார்த்துக் கூவினார். தானியம் ஈரத்தை இழுக்கும் என்று விளக்கினேன். பானை வந்தது. கேமராவைத் துண்டில் சுற்றி, கழுத்துவரை சாமையில் புதைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அக்கா டீயை நீட்டி, "மொளைச்சா சொல்லு, தண்ணி ஊத்தறேன்" என்றார். டீ குடித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. எடுத்துக் கண்ணை வைத்தேன். ஒரு கணம் அக்காவின் கூரை தெரிந்த மாதிரி இருந்தது. "தெரியுது, தெரியுது!" என்று வாயைத் திறந்து கத்தினேன். உடனே வெள்ளை.

பானையோடு மலை இறங்கினேன். டி.வி.எஸ்.ஸின் முன்னால் சாமைப் பானை, அதற்குள் கேமரா, அதற்குப் பின்னால் அழுகிற நான். எதிரில் வந்த பஸ்காரன் வழிவிட்டு நின்று பார்த்தான்.

கல்யாண வீட்டு வாசலில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். சலீம் பானையைப் பார்த்து, "சீர் வரிசையா? இன்னாடா இது?" என்றான்.

"கேமரா போச்சுடா. உள்ள மேகம் பூந்துட்ச்சி."

அவன் முகம் வெளுத்தது. சாமையைத் தட்டிவிட்டுக் கண்ணை வைத்தான். வாசலில் மருதாணிக் கையோடு நின்ற தங்கை பக்கம் திருப்பினான். "நல்லாதானே தெரியுது" என்றான். நான் பிடுங்கிப் பார்த்தேன், வெள்ளை. அவன் வாங்கிப் பார்த்தான், தங்கை. நான் பார்த்தேன், வெள்ளை.

"அண்ணே, என் மூஞ்சி அவ்ளோ மோசமாவா கீது?" என்றாள் பர்வீன்.

நான் இரைக்கிற இரைப்பைச் சலீம் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "மொதல்ல மூச்சு வுடறத நிறுத்து" என்றான். செத்துப் போ என்கிறான் என்றுதான் நினைத்தேன். நியாயம்தான் என்றும் பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை வைத்தேன். பர்வீன் மருதாணிக் கையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தது விரல் விரலாகத் தெரிந்தது.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். பிலிம் டப்பா போயிற்று, தோல் பை போயிற்று, அன்னங்களும் போயின. பள்ளத்தாக்கில் இப்போது யாரும் கேமராவில் கண்ணை வைப்பதில்லை. போனைக் கையில் நீட்டிப் பிடித்து, அருவிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். எவ்வளவு பதறினாலும் அவர்கள் படம் மங்காது.

சலீம் மறுநாள் அதே பிலிமில் கல்யாணத்தை எடுத்தான். பர்வீனின் ஆல்பத்தில் முதல் படம் மாப்பிள்ளை இல்லை, அருவி. நான் பயத்தில் கண்ணை வைக்காமல் அமுக்கிய ஒன்று. தண்ணீர் வெள்ளை, பாறை கறுப்பு, காடு பச்சை, அத்தனையும் துல்லியம். கேமராவுக்குள் எதுவும் புகவில்லை. பாறை தாவி இரைத்த என் மூச்சு, கண் வைக்கும் கண்ணாடியில் படிந்திருந்தது.