கேட்காமல் சொன்ன பதில்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தேன். கூட அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். அப்பா நான் சின்னப் பையனாக இருந்தபோதே இறந்துவிட்டதால், எங்கள் வீட்டில் எந்த முடிவானாலும் அம்மாவும் அக்காவும் சேர்ந்துதான் எடுப்பார்கள். அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

நான் போர்வெல் மோட்டார் விற்கிற ஒரு ஏஜென்சியில் சூப்பர்வைசர். கடை மதுரையில் இருந்தாலும் வியாபாரத்தில் பாதி உசிலம்பட்டிப் பக்கம்தான். மோட்டார் எரிந்துவிட்டது, பயிர் காய்கிறது என்று ஒரு விவசாயி சொன்னால் அதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட முடியாது. டிரைவர், மெக்கானிக், முதலாளி எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருப்போம். காலையில் கண் விழிப்பது அதில்தான், சாப்பிடுவதும் அதைப் பார்த்துக்கொண்டுதான். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்கிறவன் என்று கடையில் எனக்கு நல்ல பேர்.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனதும், "மாப்ளயும் பொண்ணும் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரட்டுமே" என்று பெண்ணின் அப்பா சொன்னார். மொட்டை மாடிக்குப் போனோம். அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். படிப்பு, வேலை, கல்யாணத்துக்குப் பிறகு வேலையைத் தொடர்வது என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது, செக்கானூரணி பக்கத்தில் எங்கள் லோடு வண்டி அச்சு முறிந்து நிற்கிறது என்று செய்தி வந்தது. வண்டியில் இருந்த மோட்டார் அன்றைக்கே போய்ச் சேர வேண்டியது.

"நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மாற்று வண்டிக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பித்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் நடுநடுவே 'ம்' கொட்டினேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. மாடியில் காற்று பலமாக இருந்ததால் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த மாதிரி மனசு நிறைந்து என்னைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை. கீழே இறங்கும்போதே எனக்கு முடிவாகிவிட்டது.

அவர்கள் வீட்டிலும் சம்மதம் சொன்னார்கள். மாசியில் பூ வைத்து, வைகாசியில் கல்யாணம் என்று நாள் குறித்தோம். போனில் பேசும்போது இரண்டு மூன்று தடவை, "நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு எம்புட்டுப் பெரிய விஷயம் தெரியுமா" என்பார். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல விதமாகத்தானே சொல்கிறார் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்திரைத் திருவிழாக் கூட்டம் வருவதற்கு முன்னால் முகூர்த்தப் பட்டு எடுத்துவிடலாம் என்று இரண்டு குடும்பமும் ஒரு நாள் காலையில் விளக்குத்தூண் பக்கம் போனோம். ஜவுளிக்கடை திறக்க நேரம் இருந்ததால் ஓட்டலில் டிபன் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெண் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். மறைத்தெல்லாம் போடவில்லை. அட்டை மேஜைமேல்தான் இருந்தது. எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அக்கா அங்கே வைத்து ஒன்றும் சொல்லவில்லை. சேலை எடுத்து, எல்லாரிடமும் சிரித்துப் பேசி, வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். "அது ஃபிட்ஸுக்குப் போடுற மாத்திரை. எங்க வார்டுல தினமும் நான் எடுத்துக் குடுக்குற மாத்திரை எனக்குத் தெரியாதா?"

மறுநாள் மூன்று பேரும் திருப்பரங்குன்றம் போனோம். அம்மா சத்தம் போடவில்லை. "இம்புட்டுப் பெரிய விஷயத்தை மறைச்சுப் பொண்ணு குடுக்க எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பெண்ணின் அப்பா திகைத்துப் போனார்.

"மறைக்கலைங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே மாப்ளகிட்ட பாப்பா சொல்லிருச்சே. வீட்டுல அவரு சொல்லியிருப்பாருன்னுதான நாங்க இருந்தோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தார். வகுப்பில் ஒரு கணக்கை விளக்குவது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். "மாடியில வச்சுச் சொன்னேன். பன்னெண்டு வயசுல ஃபிட்ஸ் வந்துச்சு, இப்ப அஞ்சு வருஷமா வரலை, ஆனா மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு, இதைக் கேட்டு ரெண்டு எடம் தட்டிப்போச்சுன்னு சொன்னேன். நீங்க போனைப் பாத்துக்கிட்டே, 'அதெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க, பாத்துக்கலாம்'னு சொன்னீங்க."

அந்த வார்த்தை என்னுடையதுதான். ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் சொல்கிற வார்த்தை. ஆனாலும் நான், "எனக்கு அப்படி ஞாபகமே இல்லை" என்று தலையை ஆட்டினேன். அம்மா எழுந்துவிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண் இப்படிப் பொய் சொல்லலாமா என்று சத்தமாகவே கேட்டாள். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா கேட் வரைக்கும் வந்தார்.

கல்யாணம் நின்றது. சம்பந்தம் கொண்டுவந்த தரகர் வாய் வழியாக விஷயம் பரவியது. நோயை மறைத்துக் கல்யாணம் பண்ணப் பார்த்தார்கள் என்று பேச்சு. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், நல்லவேளை தப்பித்தீர்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் கடையில் அந்த மாற்று வண்டியின் வாடகைக் கணக்கில் ஒரு சின்னப் பிரச்சினை. அச்சு முறிந்த அன்றைக்கு வண்டியை எத்தனை மணிக்கு மாற்றினோம் என்று முதலாளி கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று குரூப்பில் பழைய செய்திகளைத் தேடிக்கொண்டே போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாடியில் நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும் நான் பதினோரு பதில் போட்டிருந்தேன். அதில் ஒன்று குரல் பதிவு. வண்டி சாய்ந்ததில் மோட்டார் பெட்டி நசுங்கிவிட்டதாமே, பரவாயில்லையா என்று உசிலம்பட்டி விவசாயி கேட்பதாக டிரைவர் போட்டிருந்ததற்கு, அவருக்குப் போட்டுக் காட்டச் சொல்லிப் பேசி அனுப்பியது.

அதைத் தட்டினேன். முதலில் காற்றுச் சத்தம். தள்ளி நின்று ஒரு பெண் பேசுவது கேட்டது. "…இதைக் கேட்டு ரெண்டு எடம் தட்டிப்போச்சு." ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு, வாய்க்குப் பக்கத்தில், என் குரல். "அதெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க, பாத்துக்கலாம்."

முதலாளி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

வீட்டில் அம்மாவையும் அக்காவையும் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினேன். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். "அந்தப் பொண்ணு சொல்லுச்சு, நீ கேக்கலை. சரி. அதுக்காக இப்பப் போயி என்ன செய்யப் போற? விடு" என்றார் அம்மா. உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் ஒரு பாதி அதையேதான் சொன்னது. இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாவது நாள் காலையில் கடைக்குப் போகாமல் வண்டியைத் திருப்பரங்குன்றத்துக்கு விட்டேன்.

பெண்ணின் அப்பா கேட்டைத் திறந்து, "வாங்க தம்பி" என்றார். மாப்ள என்ற வார்த்தை போய்விட்டது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். உங்கள் மகள் சொன்னது நிஜம், நான்தான் கேட்கவில்லை, இதோ இருக்கிறது என்று அந்தப் பதிவைப் போட்டேன். அந்தப் பெண் கதவுப் பக்கம் நின்று கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

"அப்ப, நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கில்லையா?"

இல்லை என்றேன். யாருக்குச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கத்தான் போயிருந்தேன். நான் பதில் என்று ஒன்றைச் சொன்னதாகவாவது அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதையும் பறிக்கத்தான் வந்திருக்கிறேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அங்கிருந்தே தரகரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், தப்பு என்மேல், நீங்கள் யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள் என்றேன். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணிடம், இப்போது எல்லாம் தெரிந்தே சொல்கிறேன், எனக்குச் சம்மதம் என்றேன்.

அவர் யோசித்துத்தான் சொன்னார். "நான் சரின்னு சொன்னதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். இப்ப நீங்க சொல்றது பிடிச்சுச் சொல்றீங்களா, தப்புப் பண்ணிட்டோமேன்னு சொல்றீங்களான்னு எனக்குத் தெரியலை. உங்களுக்கே தெரியாது. வேணாங்க. கோபம்லாம் இல்லை."

அவ்வளவுதான். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் கல்யாணமானதாகத் தரகர் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்து நடந்த கல்யாணமாம். எனக்கும் ஆகிவிட்டது. என் மனைவியைப் பார்க்கப் போன அன்று இந்தக் கதையை முழுசாக அவளிடம் சொன்னேன். அக்கா இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அந்தத் திருப்பரங்குன்றத்து வீட்டுக்குத் தனியாக ஒரு தடவை போய் வந்தாள் என்று அம்மா சொல்லித் தெரியும்.

நான் போனை விட்டுவிடவில்லை. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஒருவர் சொல்வதற்கு மிகவும் கஷ்டப்படுகிற விஷயம் அதற்கென்று ஒரு தனிக் குரலில் வராது என்றும், மற்றப் பேச்சுக்கு நடுவில் அதே குரலில்தான் வந்துவிட்டுப் போகும் என்றும் தெரிந்துகொள்ள எனக்கு இப்படி ஒன்று நடக்க வேண்டியிருந்தது என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.