எம்ப்டி வேறு, கிளீன் வேறு

எங்கள் ஷெட்டில் அட்டை அக்காவைப் போலப் பயந்த ஆளை நான் பார்த்ததில்லை. டேங்கர் லாரிகளைக் கழுவிப் பழுது பார்க்கும் இடம் அது. பெட்ரோலை இறக்கிவிட்டு வரும் லாரியின் மேல்மூடியில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவது அக்காவின் வேலை. எங்கெங்கிருந்தோ டிரைவர்கள் வருவதால் அட்டையில் இங்கிலீஷ்தான். சரக்கு இறங்கியிருந்தால் எம்ப்டி. உள்ளே நீராவி அடித்துக் கழுவி, காற்றோட்டம் விட்டு, பெட்ரோல் ஆவி முழுக்க வெளியேறிய பிறகுதான் கிளீன்.

அக்காவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. இந்த இரண்டு வார்த்தைகளில் மட்டும் தப்பே வரக் கூடாது என்று இருப்பாள். ஏனென்றால், கிளீன் என்று தொங்கினால் அந்த டேங்குக்குள் வெல்டிங் வைக்க இறங்குபவர் அவள் வீட்டுக்காரர். பெட்ரோல் வடிந்த பின்னும் உள்ளே தங்கி நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். அதனால் அட்டையைக் கட்டுவாள், கொஞ்ச தூரம் போவாள், திரும்பி வந்து இன்னொரு தடவை படிப்பாள்.

கேட்டில் உட்கார்ந்திருக்கும் நான் சும்மா இருப்பேனா? "அக்கா, அட்டை எங்கயும் ஓடிப் போயிடாது" என்பேன்.

"உனக்கென்னப்பா, நீ வெளிய உக்காந்திருக்க" என்பாள்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இங்கிலீஷ் தகராறுதான், நாற்காலி மட்டும் பெரியது. அவசரம் வந்துவிட்டால் கண்மண் தெரியாது. அன்றைக்கு ஒரு லாரி முதலாளி காலையிலிருந்து போன் போட்டு அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த லாரியில் அக்கா எம்ப்டி கட்டியிருந்தாள்.

"இதுல கிளீன் மாட்டும்மா. உள்ள ஒரு சொட்டு இல்ல, நானே எட்டிப் பாத்தேன்."

"சார், இன்னும் நீராவி அடிக்கல சார். இது வெறும் எம்ப்டிதான்."

"ஒண்ணுமே இல்லாத டேங்க்ல அழுக்கு எங்கேர்ந்து வரும்? ரெண்டும் ஒண்ணுதாம்மா. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அக்கா ஒடுங்கிப் போனாள். நமக்குத்தான் தப்பாகத் தெரிந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அட்டையை மாற்றிக் கட்டினாள். வீட்டுக்காரர் ஷெட்டின் மறுகோடியில் வேறொரு வண்டியில் வேலையாக இருந்தார். எதற்கும் அவர் காதில் போட்டு வைப்போம் என்று விறுவிறுவென்று நடந்தாள். அங்கே வண்டி மட்டும் நின்றது, ஆள் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். கிளீன் தொங்கிய லாரியில் ஏணி சாய்ந்திருந்தது. மூடி திறந்து கிடந்தது. வெல்டிங் வயர் அதற்குள் போயிருந்தது.

"ஏங்க! பத்த வைக்காதீங்க! ஏங்க!"

அந்த அலறல் கேட் வரைக்கும் வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். அக்கா ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். வெடித்தால் அவரோடு அவளும் போவாள், அது அவளுக்குத் தெரியாதா என்ன?

வெடிக்கவில்லை. டேங்கின் வாய் வழியாக முகமூடி வந்தது, பிறகு இருமிக்கொண்டே தலை வந்தது. அப்போதுதான் ஹோல்டரில் வெல்டிங் ராடைச் செருகியிருக்கிறார், இன்னும் பற்ற வைக்கவில்லை.

கீழே இறங்கியதும் அக்கா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அந்த வாடை மூக்குல ஏறலயா? ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு இறங்கக் கூடாதா?"

"வாடை ஷெட்டு முழுக்கத்தான் அடிக்குது. நீ கிளீன்னு மாட்டியிருந்த. அப்புறம் நான் எதுக்கு யோசிக்கணும்?"

அக்காவின் பிடி தளர்ந்தது. "இத்தனை வருஷமா இப்படித்தான் இறங்குறீங்களா?"

"ஆமா" என்றார் அவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. அக்கா மறுபடி ஏணியில் ஏறி, கிளீனை அவிழ்த்துவிட்டு எம்ப்டியைக் கட்டினாள்.