கபடி வீராங்கனைக்கு நான் கொடுத்த இன்ட்ரோ

1. பாடகர் கோபித்துக்கொண்டது

உத்திரமேரூர் வட்டாரத்தில் பகலில் கபடி கமென்ட்ரி, இரவில் லைட் மியூசிக் காம்பியர் என்று பல வருடமாக மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என் பேச்சு எடுபடாது என்பதால் எனக்கு இது பொருத்தமான தொழில். புதிதாக இதற்கு வரும் பிள்ளைகளுக்காக இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டிலும் மானம் போனது எனக்குத்தான்.

மாகறல் பக்கம் ஒரு திருவிழாவில் சினிமாப் பாடகர் ஒருவர் பாட வந்தார். "இவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று ஒரே வரியில் முடித்து மைக்கை நீட்டினேன். ரொம்ப நாசூக்காகச் செய்துவிட்டதாக நினைப்பு. அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதருகே வந்தார்.

"தேவையில்லன்னு யார் சொன்னது? அவார்டு வாங்கினதைச் சொன்னீங்களா? அஞ்சு மொழியில பாடறேனே, அதைச் சொன்னீங்களா?"

நாலு பாட்டைக் குறைத்துக்கொண்டு கார் ஏறிப் போய்விட்டார். கமிட்டித் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வார்த்த நல்லா சொன்னா வாயில கீற முத்து உதுந்துடுமாய்யா?"

இனி யார் வந்தாலும் அவர்கள் வாங்கிய ஒரு கப்பைக்கூட விடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். கெட்டது அங்கேதான்.

2. வீராங்கனை வந்தது

திருப்புலிவனத்தில் பெண்கள் கபடி டீம் ஒன்று இருக்கிறது. அறுவடை முடிந்த கழனியில் பிராக்டீஸ் செய்பவர்கள். கேப்டன் மோனிஷா எங்கள் தெருப் பெண். இந்தியாவுக்கு ஆடிய பிரபலமான ரெய்டர் ஒருவர் பரிசளிக்க வருகிறார் என்றதும், அவரோடு கொஞ்ச நேரமாவது ஆட வேண்டும் என்று டீமே தவம் கிடந்தது. அவரும் சம்மதித்தார். ஆனால் ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் ஃப்ளைட்டைப் பிடிக்க முடியும். அதனால் நாலு மணிக்கு என் இன்ட்ரோ, முடிந்ததும் ஆட்டம் என்று ஏற்பாடு.

மோனிஷா முன்கூட்டியே என்னிடம் வந்தாள்.

"பெரிப்பா, சுருக்கா முடிச்சிடு. அந்த அக்காகூட ஒரு ரெய்டாவது ஆடணும். இத்த வுட்டா எங்களுக்கு ஏது சான்ஸ்?"

"எனக்குத் தெரியாதா? நீ போய் வார்ம்-அப் பண்ணு" என்றேன்.

மைக்கைப் பிடித்தேன். ஜூனியரில் தொடங்கி ஸ்டேட், நேஷனல், ஆசியப் போட்டி என்று ஏறினேன். ஒவ்வொரு மெடலுக்கும் ஓர் அடைமொழி. கூட்டம் கைதட்டியது. முடித்துத் தொலை என்பதற்கும் அப்படித்தான் தட்டுவார்கள் என்று இந்த அனுபவஸ்தனுக்குத் தெரியவில்லை. வீராங்கனை வாட்சைப் பார்த்தார். கீழே ஏழு பெண்கள் ஜெர்சியோடு நின்று என்னை முறைத்தார்கள். மணி நாலே முக்கால். அவருடைய முழங்கால் ஆபரேஷனுக்கே நான் இன்னும் வந்து சேரவில்லை.

மைக் செத்தது.

மைக் செட் போட்டிருந்தது என் மனைவியின் தம்பி தேவராஜ்.

"மச்சான், இன்னாடா ஆச்சு?" என்று கத்தினேன்.

"கரண்டு பூட்ச்சி மாமா" என்றான். மேடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்கிய வயர் அவன் கையிலேயே இருந்தது. "எவ்ளோ நேரம் பேசிக்கினே இருப்பே? குந்து. பொண்ணுங்க ஆடட்டும்."

அதற்குள் வீராங்கனை தனக்குப் போட்ட சால்வையை என் தோளில் மாட்டிவிட்டு, ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணில் குதித்திருந்தார். முதல் ரெய்டில் இரண்டு பேர் அவுட். அடுத்ததில் இன்னும் இரண்டு பேர். மூன்றாவது ரெய்டில் அவர் திரும்பும்போது மோனிஷா பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். அவர் இழுத்தார். இவள் மார்பெல்லாம் மண்ணில் தேய இழுபட்டுக்கொண்டே போனாளே தவிர, பிடியை விடவில்லை. மிச்சமிருந்த இரண்டு பேரும் மேலே விழுந்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அவருக்கு மூச்சு விட்டுப்போனது.

கிரவுண்டே எழுந்து கத்தியது. நானும் சால்வையைச் சுழற்றிக்கொண்டு கத்தினேன். அன்றைக்கு என் தொண்டையிலிருந்து வந்த உருப்படியான சத்தம் அதுதான்.

காரில் ஏறும்போது அவரிடம் சால்வையைக் கொடுத்தேன். "மேடம், உங்க சாதனையில பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மன்னிக்கணும்."

அவர் சிரித்தார். "ஐயோ சார், அதெல்லாம் நடந்து முடிஞ்சது. என்னைப் பிடிச்ச பொண்ணு பேர் என்ன? அதைச் சொல்லுங்க முதல்ல."

சொன்னேன். ஒரு வார்த்தைதான்.

பிள்ளைகளே, மைக்கைத் தொடும் முன்னால் அங்கே யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் தங்கள் பட்டியலைக் கேட்க வருவார்கள். சிலர் ஆட வருவார்கள்.

அடுத்து வந்த பொங்கல் விழாவில் மோனிஷாவுக்குப் பரிசு. மேடை ஏறும் முன் என்னிடம் கிசுகிசுத்தாள்.

"பெரிப்பா, என்னுது ஒரே வரிதான் கீது. நீயே நெனச்சாலும் இழுக்க முடியாது."

"இந்தியா டீம் ரெய்டரை நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பிடித்து நிறுத்திய மோனிஷா!" என்றேன். அடுத்து சொல்லப் பெரிய வசனமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு மைக்கை அவள் கையில் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் ஜனங்கள் கடைசிவரை கேட்ட என் இன்ட்ரோ அது ஒன்றுதான்.