கேமரன் மலையில் எனக்குத் தேன் விற்க மறுத்த லெட்சுமி

நாங்கள் கேமரன் மலைக்குப் போனது தேயிலை பார்க்க அல்ல, தேன் வாங்க. நான் தைப்பிங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு ஐந்து வாரம் முன்பு என் குரல் கம்மிப்போனது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. குரல் மட்டும் கிழிந்த துணி மாதிரி வந்தது. முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் நான் பேசுவது கேட்டது. மற்றவர்களைக் கைதட்டித்தான் கூப்பிட்டேன்.

ஈப்போவில் ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் போனேன். சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம் சேர்ந்த பொடி கொடுத்தார். கால் கரண்டிப் பொடியை ஒரு கரண்டித் தேனில் குழைத்து இரண்டு வேளை நாக்கில் தடவிக்கொள்ளச் சொல்லி, ஒரு சீட்டும் எழுதித் தந்தார். தேனைப் பற்றி அவர் சொன்னதை எல்லாம் நான் பாடம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன். மருந்தை உடம்புக்குள் ஏற்றிச் செல்லும் துணைப் பொருளை ஆயுர்வேதத்தில் அனுபானம் என்பார்கள், அதில் தேனுக்குத் தனி இடம் உண்டு. சளியை அறுக்கும், இருமலைத் தணிக்கும், புண்ணை ஆற்றும். புதுத் தேன் உடம்பைத் தேற்றும், ஓராண்டு பழகிய தேன் கொழுப்பைக் கரைக்கும். தேனை அடுப்பில் சூடாக்கக் கூடாது, கொதிக்கும் நீரில் விடக் கூடாது, நெய்யோடு சம எடையில் சேர்க்கக் கூடாது.

பொடி தீர்ந்தும் குரல் திரும்பவில்லை. பேரங்காடியில் 22 ரிங்கிட்டுக்கு வாங்கிய தேன் கலப்படம் என்று நானே முடிவு கட்டினேன். "நல்ல தேன் கிடைச்சா சரியாயிடும். மலைக்குப் போலாம்" என்று என் கணவர் ரவியிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், தாளில் எழுதிக் காட்டினேன்.

விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பினோம். தைப்பிங்கிலிருந்து ஈப்போவைத் தாண்டி சிம்பாங் பூலாய் வரை ஒன்றேகால் மணி நேரம். அங்கே தோசையும் தே தாரேக் என்ற இழுத்து ஆற்றிய பால் தேநீரும் இரண்டு பேருக்கு 13 ரிங்கிட். மலைச்சாலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. தாப்பா வழியாக ஏறும் பழைய சாலையைவிட வளைவுகள் குறைவு, வயிறு புரட்டுபவர்கள் இந்த வழியில் வாருங்கள். ஆனால் காய்கறி லாரிகள் இறங்கிக்கொண்டே இருக்கும், முந்த அவசரப்படாதீர்கள். 9 மணிக்குக் கம்போங் ராஜா, இருபது நிமிடத்தில் திரிங்காப். அதற்கப்புறம்தான் சோதனை. கியா பார்ம் சந்தையைத் தாண்ட மட்டும் ஐம்பது நிமிடம் ஆனது. முன்னால் நின்ற காரில் இருந்தவர்கள் இறங்கிப் போய் ஸ்ட்ராபெரி வாங்கிவிட்டுத் திரும்பியும் வண்டிகள் நகரவில்லை.

பிரிஞ்சாங்கில் அறை, இரண்டு இரவுக்கு 340 ரிங்கிட். அறைக்காரரிடம் நல்ல தேன் எங்கே கிடைக்கும் என்று ரவி கேட்டார். "டவுன்ல வாங்காதீங்க லா. தேயிலைத் தோட்டத்து ரோட்டுல நாலு கிலோமீட்டர் போங்க. லைன் வீடு வரும். பக்கத்துல தகரக் கூரை போட்ட கடை. லெட்சுமின்னு கேளுங்க" என்றார்.

அந்த நாலு கிலோமீட்டரும் ஒரு கார் மட்டுமே போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். இரண்டு பக்கமும் தேயிலை, வெயிலில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளைத் தாண்டியதும் கடை. அவித்த சோளம், தேயிலைப் பொட்டலம், ஒரு பலகையில் வரிசையாகத் தேன் பாட்டில்கள். அரைக் கிலோ 50 ரிங்கிட். லெட்சுமிக்கும் என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. வாரநாளில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறில் கடை.

"சுத்தமான தேனாம்மா?" என்றார் ரவி.

"தேனீப் பெட்டி பின்னாலதான் இருக்கு, வந்து பாருங்கண்ணே. சீனிப்பாகு ஊத்தி வளக்குற வேலையெல்லாம் நமக்கு இல்ல. மழையில தேன் இல்லன்னா, இல்லன்னு சொல்லிடுவேன்."

எனக்கு மனம் நிறைந்துபோனது. "மூணு பாட்டில் கொடுங்க" என்று அந்தக் கிழிந்த குரலில் நானே கேட்டேன். பாட்டிலை எடுக்கப் போன அவர் கை அப்படியே நின்றது.

"சளியாக்கா?"

"இவங்க டீச்சர். கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கிச்சு" என்றார் ரவி.

"எத்தன நாளா?"

"அஞ்சு வாரம் ஆச்சு" என்றார் ரவி.

"காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா டீச்சர்? வலி இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். லெட்சுமி பலகையில் இருந்த பாட்டில்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"அப்பன்னா உங்களுக்குத் தேன் தர மாட்டேன் டீச்சர். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கடைக்காரர் என் உடம்பைப் பற்றி எனக்குச் சொல்வதா என்ற கோபம். ரவியும், "இவ்ளோ தூரம் வந்திருக்கோம், காசு கொடுத்துத்தானே கேக்குறோம்?" என்றார். லெட்சுமி பின்பக்கம் திரும்பி, "என்னாங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

தேனீப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து அவர் கணவர் வந்தார். பெயர் மணியம். கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார். சட்டைப் பையிலிருந்து டார்ச் லைட் அளவில் ஒரு கருவியை எடுத்துத் தாடைக்குக் கீழே அழுத்தினார். ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரல் அதிலிருந்து வந்தது.

"எத்தன... வாரம்?"

ரவி சொன்னார்.

"நான்... நாலு மாசம்... விட்டுட்டேன்" என்றார் மணியம். துணியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கழுத்தின் நடுவில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் அவர் மூச்சு விடுகிறார்.

"எங்க தேன்தானே, வீட்டுலயே கெடக்குது" என்றார் லெட்சுமி. "காலையில ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி கொடுத்தேன். குடிச்சா ஒரு மணி நேரம் எதமா இருக்கும். இன்னிக்குப் பரவால்ல, நாளைக்குச் சரியாயிடும்னு நானேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். போய்க் காட்டுனப்ப கேன்சர் முத்திப்போச்சு, கொரல் பெட்டியவே எடுத்துட்டாங்க. இவரு சிகரெட் குடிச்சவரு, நீங்க குடிக்க மாட்டீங்க. உங்களுக்கு ஒன்னும் இருக்காது டீச்சர். ஆனா பாத்துட்டு வந்துடுங்க."

மணியம் மறுபடியும் கருவியை வைத்தார். "மொதல்ல... டாக்டர். அப்புறம்... தேன்."

நாங்கள் காரில் ஏறி, தோட்டத்துத் தேநீர்க் கடைக்குப் போனோம். கோப்பை 6 ரிங்கிட். அந்த மலைச்சரிவைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள், எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. கோபம் போய்விட்டது. அதன் இடத்தில் பயம் வந்திருந்தது. ரவி என்னிடம் எதுவும் கேட்காமல் அறைக்காரருக்குப் போன் செய்து, நாளைக் காலையே கிளம்புவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை ஈப்போவில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டார். இடது குரல்நாணில் வெள்ளையாக ஒரு படலம். அறுவை செய்து எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் நான் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் அதை நோக்கி மாறத் தொடங்கிய செல்கள் என்றார் மருத்துவர். "சரியான நேரத்தில் வந்தீர்கள்" என்றார். நான் நேரம் பார்த்து வரவில்லை, என்னை ஒருத்தி துரத்திவிட்டாள் என்று அவரிடம் எழுதிக் காட்டினேன்.

பிறகு வைத்தியரைப் பார்க்கப் போனபோது அவர் வருத்தப்பட்டார். "எழுதித்தானேம்மா கொடுத்தேன்" என்றார். வீட்டுக்கு வந்து, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த அவர் சீட்டை எடுத்தேன். காந்தம் மறைத்திருந்த கடைசி வரி: இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவமனையில் தொண்டையைக் காட்டவும். ஆயுர்வேதம் என்னை ஏமாற்றவில்லை. எனக்குப் பிடித்த வரிகளை மட்டும் நான் படித்திருக்கிறேன்.

அடுத்த நீண்ட விடுமுறையில் மறுபடியும் அதே சாலையில் ஏறினோம். மழை. லெட்சுமி கடையில் இருந்தார். "லெட்சுமி, நல்லா இருக்கீங்களா?" என்றேன். என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். அவருக்கு இந்தக் குரல் புதிது. பின்னால் நின்ற ரவியைப் பார்த்ததும்தான், "ஐயோ, டீச்சரா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். நன்றி என்று சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது.

மணியம் குடையில்லாமல் ஓடி வந்தார். கருவியைத் தாடையில் வைத்து, "பேசுங்க" என்றார். நான் நிறுத்தியதும், "இன்னும்... பேசுங்க" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். யார் யார் எந்த எழுத்தில் தடுக்குவார்கள், யார் தூங்குவான், யார் மற்றவர் ரொட்டியைத் தின்பாள் என்று. பத்து நிமிடம் இருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் யாருக்கும் அப்படிப் பேசியதில்லை, என்னை யாரும் அப்படிக் கேட்டதும் இல்லை.

அன்று இரண்டு பாட்டில் கொடுத்தார்கள், ஒன்றுக்கு மட்டும்தான் பணம் வாங்கினார்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டி குடிக்கிறேன். மணிக்கணக்கில் பேசி வறண்ட தொண்டைக்கு அது இதமாகத்தான் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சனிக்கிழமை ஏற வேண்டாம், வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள் (லெட்சுமியின் கடை சனி ஞாயிறில்தான்), கியா பார்மில் உங்கள் ஒரு மணி நேரம் மிஞ்சும். மழை மாதங்களில் தேன் கிடைக்காமல் போகலாம். எப்போதும் கிடைக்கும் என்று சொல்லும் கடையில் யோசித்து வாங்குங்கள். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் ஒரு துளித் தேன்கூட வைக்காதீர்கள், சம்பிரதாயம் என்று யார் சொன்னாலும் சரி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குரல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால் அறையை ரத்து செய்துவிட்டு முதலில் தொண்டையைக் காட்டுங்கள். தேயிலை அங்கேயேதான் இருக்கும்.