பாகூர் ஏரியில் ஓர் அலுங்கல்

கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை பாகூர் போனோம். வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். "நல்லா தெரியுது" என்பார். ஆபரேஷனுக்கு முன்பும் அதையேதான் சொன்னார் என்பதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பார்வை திரும்பினால் அவர் பிறந்த ஊரான பாகூரின் மூலநாதருக்கு அர்ச்சனை என்று வேண்டியிருந்தேன். திரும்பாமலே செய்தால் சாமியிடம் பொய் சொன்ன மாதிரி.

வில்லியனூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்குப் போகவர, காத்திருப்பும் சேர்த்து 900 ரூபாய். ஆறு மணிக்குக் கிளம்பி ஆறே முக்காலுக்கு ஏரிக்கரையில் இறங்கினோம். முதலில் ஏரி, பிறகு கோயில் என்பது அவர் ஏற்பாடு.

காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது. இடுப்பளவு நீரில் ஒருவர் வீச்சுவலையை ஓங்கினார். உடனே என் வீட்டுக்காரர், "தம்பி, அங்க வீசாதப்பா. அலுங்கல் இருக்குது" என்றார்.

அலுங்கல் என்பது இவர் வீட்டுப் பெரியவர்கள் புழங்கிய சொல். காற்றுக்கு ஓடும் அலை இல்லை. விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு விடும்போது ஒரே இடத்தில் நடுங்குகிற சின்ன நெளிவு. அடியில் தாய் விரால் காவல் இருக்கும். அங்கே வலை போடுவதில்லை.

நானும் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்காகத்தான் தெரிவதுபோல் நடிக்கிறார் என்று பட்டது. வலைக்காரர் கையை இறக்கிக் கரையேறினார். இரக்கப்பட்டுத்தான் என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்: "நெசமாவே இருக்குதா தம்பி?"

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? செவசெவன்னு குஞ்சு கொதிக்குது. அண்ணன் சொன்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சிது. உனுக்குத் தெரியல?"

இவர் என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். "அந்த அல்லிப் பூவுக்கு இந்தாண்ட பாரு."

"எந்த அல்லிப் பூ?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ரெண்டு மாசமா சொட்டு மருந்து உட்டியே, கண்ணுலதான் உட்டியாடி?" என்றார் இவர். வலைக்காரர் சிரிப்பை அடக்கத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அர்ச்சனையை மனநிறைவோடு செய்தேன். போகிறவர்கள் எட்டு மணிக்குள் ஏரிக்குப் போய்விடுங்கள். காற்று எழுந்தால் எதுவும் தெரியாது. கரையில் கடை இல்லை, குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். கண்ணைச் சோதித்து வருடக்கணக்கானவர்கள் அதை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரியில் என் முறை. இந்தத் தடவை கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைக்கப் போகிறவர் அவர்தான்.