அழுமூஞ்சி ஸ்டிக்கர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாவதோடு படிப்புக்கு டாட்டா காட்டியவன், அதுவும் கன்னட மீடியம். அம்மா சொல்லிக்கொடுத்த தமிழ் மளிகைச் சீட்டு எழுதும் அளவுக்குத்தான் வரும். மனநலத்தைப் பற்றி நான் எழுதுவதும், எங்கள் தெரு நாய் உட்கார்ந்து பூனை வளர்ப்பைப் பற்றி எழுதுவதும் ஒன்றுதான். ஆனால் நான் செய்த ஒரு தப்பு தொண்டையிலேயே நிற்கிறது.

வீடு மைசூர் மண்டி மொஹல்லாவில். வேலை நஞ்சன்கூட்டில், ஒரு பேக்கிங் கம்பெனியில். தினமும் கம்பெனி பஸ். அதில் கடைசி சீட்டு எங்கள் ஐந்து பேருடையது. அங்கே ஒரு சட்டம் உண்டு: பஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவனை உண்டு இல்லை என்று கலாய்க்க வேண்டும். மாட்டியவன் கோபப்பட்டால் மறுநாளும் அவன்தான். சட்டம் போட்டது நான்.

ஐவரில் ஒருவன் கொள்ளேகால்காரன். எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். கலாய்ப்பில் ஒன்று கொடுத்தால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவன், போன மழைக்காலத்தில் அதை நிறுத்தினான். சவரம் நின்றது. டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பியது. "தூக்கமே வர்றதில்ல குரு" என்றான் ஒருநாள். எங்கள் ஊரில் குரு என்றால் வாத்தியார் இல்லை, மச்சான்.

"டூட்டில தூங்கிட்டா அப்பறம் வீட்ல எப்படி வரும்?" என்றேன். பஸ்ஸே சிரித்தது, அவனைத் தவிர.

கடைசி சீட்டில் மருத்துவக் குழு கூடியது. ஒருவன் சாமுண்டி மலைப் படி ஏறச் சொன்னான். இன்னொருவன் கல்யாணம் பண்ணச் சொன்னான். எங்களில் கல்யாணமான ஒரே ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கேன்டீனில் நிறுத்தி, மைக் பிடித்த ஒரு சார் கையைத் தூக்கி "ஹா ஹா ஹா" என்று சிரிக்கச் சொன்னார். சிரித்தோம். சிரித்ததற்கு வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். சிரித்த நேரத்தை ஈடுகட்ட சாயங்காலம் அரை மணி கூடுதல் வேலை.

அடுத்த வாரம் காலை பஸ்ஸில் கொள்ளேகால்காரன் ஜன்னலில் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தான். சத்தமே இல்லை, மூக்கு மட்டும் சிவந்திருந்தது. மனுஷனாகப் பிறந்தவன் கைக்குட்டை கொடுப்பான். நான் போனை எடுத்தேன். கபினி ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அந்த முகம் ஸ்டிக்கராகி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தது. கீழே 'அழுமூஞ்சி'.

செம ஹிட். கரண்ட் போனால் அந்த ஸ்டிக்கர். கேன்டீனில் உப்புமா என்றால் அந்த ஸ்டிக்கர். மூன்றாம் நாள் அவன் குரூப்பை விட்டுப் போனான். நான்காம் நாள் பஸ்ஸுக்கும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

குரூப்பில் உடனே அக்கறை பொங்கியது. ஒருவன் சூரிய உதயப் படம் போட்டான். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. எல்லாம் அவன் இல்லாத குரூப்பில்.

ஞாயிறு காலை அவன் அறைக்குப் படியேறினேன். நல்லெண்ணத்தில் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பயத்தில். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்டா."

"என்ன, போட்டோ எடுக்கவா?"

"தப்புதான்டா" என்றேன் கதவைப் பார்த்து. தாழ் விலகியது.

பாயில் உட்கார்ந்தோம். வாயில் மூன்று ஜோக் வந்தது, மூன்றையும் விழுங்கினேன். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"செத்துடலாம்னு தோணுதாடா?"

"புதன்கிழமை தோணுச்சு. வியாழக்கிழமையும்."

"இப்ப?"

"இப்ப இல்ல. ஆனா பொழுது விடிஞ்சாலே பயமா இருக்குது. ஊர்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. என்ன காரணம்னு சொல்லிட்டு அழறது?"

"காரணம் தெரியலைன்னாலும் டாக்டர் பாப்பாங்கடா. போலாம்."

"பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா? ஊருக்குத் தெரிஞ்சா?"

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"நீயா?" என்றான்.

அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். அன்றைக்கு முழுக்க அங்கேயே இருந்தேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். மூன்றாவது பதிலில் "நீவு ஹொரகடெ இரி" என்று கதவைக் காட்டினார். வெளியே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவன் மாத்திரைச் சீட்டோடு வந்தான். கண் வீங்கியிருந்தது, நடை மட்டும் கொஞ்சம் லேசாகியிருந்தது.

ஸ்டிக்கரை நான் அழித்தேன், மற்றவர்கள் போனிலும் பக்கத்தில் நின்று அழிக்கவைத்தேன். சட்டமும் ரத்து. இரண்டு நாள் கடைசி சீட்டில் மூச்சுச் சத்தம்தான். கலாய்க்காமல் பேச எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் காவல்காரன் ஆனேன். மணிக்கொரு மெசேஜ்: "மாத்திரை போட்டியா?" "சாப்டியா?" பதில் வரப் பத்து நிமிஷம் ஆனால் நேராகப் போன் போடுவேன். பத்து நாளில் எனக்கே சோறு இறங்கவில்லை. அம்மா "உனக்கு என்னடா ஆச்சு?" என்றதற்கு "ஒண்ணுமில்ல" என்று எரிந்து விழுந்தேன். தாங்காமல், கொள்ளேகால்காரனிடம் கேட்டுக்கொண்டு, கடைசி சீட்டுக் கல்யாணமானவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் நான் பாத்துக்கறேன், நீ போய்ச் சோறு தின்னு" என்றான் அவன். பிறகு மெதுவாக, "ரெண்டு வருஷம் முன்னால நானும் அதே டாக்டரம்மாகிட்டதான் போனேன்" என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"உன் பக்கத்துல உக்காந்துக்கிட்டா சொல்ல முடியும்?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் இல்லாவிட்டாலும், எனக்கு மனசு சரியில்லை என்பதையாவது சொன்னேன். சோறு இறங்கியது.

டாக்டரம்மா மறுபடி வரச் சொன்ன நாள் வந்தது. கொள்ளேகால்காரன் போவதாகவும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஐந்து தடவை எழுதி அழித்து, ஒன்றை அனுப்பினேன்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறியா? நான் கூட வரட்டுமா, வேண்டாமா?"

பதில் வந்தது: "காலைல சீக்கிரமே போய் டோக்கன் வரிசைல நில்லு குரு, நான் நல்லாத் தூங்கி எந்திரிச்சு மெதுவா வர்றேன்."