எத்தனை நாள் காய்ச்சல்

“காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?” என்று கிளினிக் டாக்டர் என் கணவரிடம் கேட்டபோது, நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

“இன்னைக்குக் காலையிலதான் டாக்டர்” என்றார். நானும் ஆமாம் போட்டேன். அன்று புதன்கிழமை.

கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. வருஷம் முழுக்க ஒரு நாள்கூட எம்சி என்று மருத்துவ விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்ததற்காகக் கம்பெனி கொடுத்த சான்றிதழ்கள், கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. பிள்ளைகள் வாங்கியவை அலமாரிக்குள் கிடக்கின்றன. அப்பேர்ப்பட்ட மனிதர் தானாகவே கிளினிக்குக்குக் கிளம்பினார் என்றால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

“இப்ப எங்க பார்த்தாலும் டிங்கி, அந்தக் கொசுக் காய்ச்சல். இன்னைக்கு முதல் நாள்தானே, வெள்ளிக்கிழமையும் காய்ச்சல் விடலைன்னா வாங்க, ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்” என்று டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பினார். சொன்ன கணக்குக்கு அவர் சரியாகத்தான் வைத்தியம் பார்த்தார்.

வியாழன் சாயங்காலமே உடம்பு குளிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மனிதர் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

“ரத்தம் எடுக்கப் போகலையா?”

“காய்ச்சல் விட்டுருச்சு லா. இனிமே எதுக்கு ரத்தம்?”

சப்பாத்து போடக் குனிந்தவர் வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொரு முறை எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. போனில் காரைக் கூப்பிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சூப்பர்வைசருக்குப் போன் போடச் சொல்லி என்னிடம் சண்டை.

அவசரப் பிரிவில் நர்ஸ் மலாயில் அதே கேள்வியைத்தான் கேட்டாள். “தீகா ஹாரி” என்றார் இவர். மூன்று நாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு இளம் டாக்டர், நம் தமிழ்ப் பெண், வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். வலியில் இவர் முகம் சுளித்தார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் திரும்பினாள்.

“ஆன்டி, மூணு நாள்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாள் கணக்கு ரொம்ப முக்கியம்.”

அப்போதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. காலையிலேயே பாசாருக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கி வந்து, வியர்க்க விறுவிறுக்கப் பிரட்டல் செய்து வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கத்தினேன். அன்றிலிருந்து செவ்வாய் ராத்திரி வரைக்கும் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் தொட்டிருப்பேன். தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

“ஞாயித்துக்கிழமை” என்றேன். “ஞாயித்துக்கிழமை மத்தியானமே இவரால சாப்பிட முடியல.”

படுத்தபடியே என்னை முறைத்தார். “அது காய்ச்சலா? சும்மா உடம்பு சுட்டுச்சு, மாத்திரை போட்டேன். திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் வேலைக்குப் போனேன்ல?”

டாக்டர் விரல்விட்டு எண்ணினாள். ஆறாவது விரலுக்கு அடுத்த கைக்குப் போனாள். “அங்கிள், டிங்கியில காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. இன்னைக்கு நீங்க வேலைக்குப் போயிருந்தா...” என்றவள் முடிக்காமல், நர்ஸைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தள்ளச் சொன்னாள்.

மூன்று நாள் டிரிப் ஏறியது. ரத்தம் எடுத்து எடுத்து அவர் கை கன்றிப்போனது. வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் அவரைத் திட்டினேன், அந்தச் சான்றிதழ்களைத் திட்டினேன், ஆட்டிறைச்சிக்காக வீம்பு பிடித்த என்னையும் திட்டினேன். பயத்தில் அழுகை வந்தது. அழுதால் இன்னும் கோபம் வந்தது. அவர் பிழைத்து வீட்டுக்கு வந்த அன்றே சான்றிதழ்களைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரியில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்குக் காய்ச்சல். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. இந்த முறை அவர்தான் பதறிப்போய் அதே கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டர் கேட்டார், எத்தனை நாளாக என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “இன்னைக்குத்தான் டாக்டர். காலையில பசியாறல்கூட செய்யல.”

தலை தானாக ஆமாம் என்று ஆடப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

“எழுதாதீங்க டாக்டர். மூணு நாளாச்சு.”

அவர் சடாரென்று என் பக்கம் திரும்பினார்.

“மூணு நாளா? நேத்துக்கூட சமைச்சியே?”